இரண்டு முறை ஹாரன்

போக்குவரத்து அபராதத்தில் பாதி கட்டினால் போதும் என்று அரசு அறிவித்திருந்த வாரம் அது. ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் வண்டி எண்ணைப் போனில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முரளிதரனுக்குப் பதினோரு நோட்டீஸ். ஒன்பது ஹெல்மெட் போடாததற்கு, இரண்டு சிக்னல் தாண்டியதற்கு. கன்னடத்து வழக்கப்படி எல்லோரையும் குரு, மாராயா என்றுதான் கூப்பிடுவான். ஒவ்வொரு படத்தையும் மேஜையில் இருந்தவர்களுக்குக் காட்டினான்.

"பாருங்க குரு, என்ன லைட்டிங், என்ன ஆங்கிள். என் கல்யாண ஆல்பத்துல கூட நான் இப்படி விழல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். அந்த மாதிரி நேரங்களில் முகம் தானாகவே செய்துவிடுகிறது.

என் நம்பரைக் கேட்டான். என்னிடம் வண்டி இல்லை என்றேன். ஸ்கூட்டர் இருந்ததே என்றான். இருந்தது. என் பெயரில்தான் இருந்தது. எண்ணைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிடுவது அந்த நாட்களில் பழக்கமாகியிருந்தது.

"உனக்கு ஒண்ணே ஒண்ணுதான். மொபைல் போன்ல பேசிண்டு…"

போனை மேஜையில் குப்புற வைத்தான். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்க வந்து, அவன் முகத்தைப் பார்த்து, தன் டீயை எடுத்துக்கொண்டு போனார்.

"ஸாரி மாராயா" என்றான் முரளிதரன்.

கொடு என்று கையை நீட்டினேன்.

வண்ணப் படம். மேலே தேதி, நேரம், இடம். பெங்களூரு சாலை, ரிங் ரோடு சந்திப்பு, காலை 8:11:36. வண்டி எண்ணைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். ஹெல்மெட்டைச் சுற்றி இன்னொன்று. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போன் செருகியிருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிக்கொண்டிருந்தது என்னிடம்.

ஸ்ரீவல்லி என் மனைவி. அந்தப் படம் எடுத்து ஒன்பது நிமிடத்தில், களஸ்தவாடியைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் ஒரு சரக்கு வண்டி மோதி விழுந்தாள். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அது நடந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் பெயர் என்னுடையது, போன் நம்பர் அவளுடையது. நோட்டீஸ் வந்த செய்தி அந்த நம்பருக்குப் போயிருக்கும். அது எப்போதோ செயலிழந்துவிட்டது.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள் நம்பர்தான். மின்சாரம், கேஸ், பால் அட்டை. என் போனுக்கு வரும் செய்திகளை நான் திறந்தே பார்ப்பதில்லை என்பது அவள் குறை.

நாங்கள் மேட்டகள்ளியில் இருந்தோம். அவள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய பிறந்த ஊரும் அதுதான். எட்டு மணிக்குக் கிளம்புவாள். எனக்கு ஒன்பதரைக்குத்தான் ஆபீஸ். புது நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் சர்வீஸ் ரோடு. அங்கே எதிர்த் திசையில் வருகிறவர்கள் உண்டு, மண் மேடு உண்டு, மாடு உண்டு. ஒரு முறை அவள் சறுக்கி விழுந்து முழங்காலில் ஆறு தையல். அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்தேன். பள்ளி வாசல் வரைக்கும் போன் லைனில் இருக்க வேண்டும். பேச வேண்டாம், லைன் மட்டும் இருந்தால் போதும். ஏதாவது ஆனால் எனக்கு உடனே தெரியும்.

ஏதாவது ஆனபோது உடனே தெரிந்தது.

லைன் இருந்தால் பேச்சும் வந்துவிடுகிறது. அவள் சாலையைச் சொல்லிக்கொண்டே போவாள். சிக்னல், தொண்ணூறு செகண்ட். லாரி. மறுபடியும் லாரி. சிக்னலில் நின்றபடி பேசினாலும் அது குற்றம்தான் என்று நான் ஒரு நாள் படித்துச் சொன்னேன்.

"வேகம் ஜீரோ. ஜீரோவுக்கு என்ன ஃபைன் போடுவா?" என்றாள்.

மறுநாளும் பேசினோம். பழைய ஹெல்மெட் இறுக்கம், போன் உள்ளே நுழையவில்லை. காது சிவந்துபோகிறது என்றாள். ஒரு அளவு பெரிய ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு வேண்டாம் என்று நீலம் எடுத்தாள்.

அவள் அம்மா ஸத்யபாமா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம், அப்போதும் லைன் உண்டு. பெண் ஹெல்மெட்டோடு தனியாகப் பேசிக்கொண்டு தெருவுக்குள் வருவதைப் பார்த்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னார்.

"நான் சொன்னா கேக்கமாட்டா. வண்டியில பேசாதேன்னு நீங்க சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பினார். நான் சொல்பவற்றை எல்லாம் நம்புகிறவர் அவர்.

விபத்து நடந்த அன்று காலை எட்டேகால் தாண்டிக் கேஸ் சிலிண்டர் வந்தது. எடுத்துவந்தவன் வாசலில் நின்று ஓடிபி கேட்டான். நான்கு எண்கள். அது வராமல் சிலிண்டரை இறக்கமாட்டான். ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். வல்லி, கேஸ் வந்திருக்கு, ஓடிபி சொல்லு என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன் என்றாள். அவன் தனக்கு இன்னும் ஆறு வீடு இருக்கிறது என்று கன்னடத்தில் முணுமுணுத்தான்.

"நாலு நம்பர்தானே வல்லி. அப்படியே பாரேன்" என்றேன்.

ஹெல்மெட்டில் போன் உரசுகிற சத்தம். காற்று. பிறகு அவள் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து. நாலு என்றாள். நான் நாலு என்று அவனிடம் சொன்னேன். ஏழு என்றாள். நான் ஏழு என்றேன்.

அப்போது ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, மறுபடியும் ஒன்று.

பிறகு ஒரு சத்தம். அதை நான் விவரிக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு காலி கேன்கள் சாலையில் உருளும் சத்தம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள். நிறைய. வெகுநேரம் உருண்டன. நான் வல்லி, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேஸ்காரனும் தன் போனில் இரண்டு எண்ணைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லைன் அறுந்தது. சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் கேஸ் வாங்கவில்லை. இண்டக்ஷன் அடுப்பு ஒன்று போதும் எனக்கு.

ஆஸ்பத்திரியில் ஸப் இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார். பெஞ்சில் ஒரு பக்கம் நான், பக்கத்தில் ஸத்யபாமா. வண்டி ஓட்டும்போது உங்கள் மனைவி போன் பேசினாரா என்று கேட்டார். மோதிய வண்டியின் டிரைவர் அப்படிச் சொல்கிறாராம். கையில் போனைப் பார்த்தாராம். வேறு யாரும் பார்க்கவில்லையாம்.

இல்லை என்றேன்.

"இவர் சொல்லிவெச்சிருக்கார். பேசமாட்டா" என்றார் ஸத்யபாமா.

ஸப் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். சாக்கடையில் நொறுங்கிக் கிடந்த போன் கைப்பையிலிருந்து விழுந்திருக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார். புகாரில் நான் கையெழுத்துப் போட்டேன். அதனால் வழக்கில் முதல் சாட்சி நான். அஜாக்கிரதையாக மரணம் விளைவித்தது, நூற்றாறாவது பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஸத்யபாமா சமையலறை வாசலில் உட்கார்ந்து முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"ஒரு ஹாரன் அடிச்சிருந்தா அவ திரும்பிப் பாத்திருப்பா."

அதைத்தான் பதினைந்து மாதமும் சொன்னார். சொந்தக்காரர்களிடம், பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸிடம், கோயில் பட்டரிடம். அழமாட்டார். அது மட்டும்தான் அவரிடம் இருந்தது. ஒருவன் ஹாரன் அடிக்கவில்லை, அதனால் பெண் போய்விட்டாள். அவனுக்குத் தண்டனை கிடைக்கும். நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன்.

இரவில் தூங்கினேன். இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. நன்றாகவே தூங்கினேன். ஆபீஸுக்குப் போனேன். வேலை சரியாகச் செய்தேன் என்று பதவி உயர்வு கூடக் கொடுத்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக, போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களை எண்ணுவேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டவர்கள், மடியில் வைத்துப் பார்க்கிறவர்கள், ஹெல்மெட்டில் செருகியவர்கள். ஸத்யபாமாவைப் பார்க்கப் போன ஒரு நாள், மேட்டகள்ளியிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை முப்பத்தொன்று. கோபம் வரவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

டிரைவர் பெயர் வேலாயுதம். ஊர் மார்டள்ளி, தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிற ஊர். நாற்பது வயது இருக்கும். குட்டி யானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டியில் தண்ணீர்க் கேன் போட்டுக்கொண்டிருந்தவர். லைசென்ஸை நிறுத்திவைத்துவிட்டார்கள். பண்டிபாளையா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். முதல் வாய்தாவில் கோர்ட் வராந்தாவில் என்னிடம் வந்தார். கையைக் கூப்பவில்லை, கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி, நான் ரெண்டு தடவ அடிச்சனுங்க. மொத நாளே போலீசுல சொன்னனுங்க. யாரு நம்பறாங்க? எம்பட ஹாரன் சத்தம் உங்களுக்கு எங்க கேட்டிருக்கும், அந்தப் புள்ளைக்கே கேக்கல."

நான் சுவரில் ஒட்டியிருந்த வழக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வக்கீலம்மா உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லீருக்குது. மறந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீலம்மா என்றது வைஷாலியை. இலவசச் சட்ட உதவியில் அவருக்கு அமர்த்திய வக்கீல். என்னைவிடச் சின்னப் பெண். கறுப்பு கவுனின் ஒரு தோள் எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும்.

நோட்டீஸ் படத்தைப் பார்த்த பிறகு அதை என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வாய்தாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்கு மறுநாள் அபராதச் சலுகையின் கடைசி நாள். படத்துக்குக் கீழே பணம் செலுத்து என்று ஒரு பொத்தான். அழுத்தினால் நோட்டீஸ் முடிந்துவிடும். யாரும் தேடமாட்டார்கள். போன் கம்பெனியின் பதிவை யாரும் கேட்டு வாங்கவில்லை, கேஸ்காரனைப் பற்றி யாருக்கும் தெரியாது. வேலாயுதம் சொன்னதற்கு வேறு சாட்சியம் கிடையாது. அந்தப் படமும் நானும்தான்.

தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்தைப் பார்த்தேன். 8:11:36க்கு அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்தேன். சிக்னல், தொண்ணூறு செகண்ட் என்பதாக இருக்கலாம். வாயின் வடிவம் அதற்குப் பொருந்தவில்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

பொத்தானை அழுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தும் அல்ல. நான் எதையும் தீர்மானிக்கவில்லை. பிறகு பலர் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

வாய்தா அன்று ஸத்யபாமா எனக்கு முன்பே வந்திருந்தார். எப்போதும் போல் துணிப்பை. உள்ளே தண்ணீர் பாட்டிலும் புளியோதரை டப்பாவும் இருக்கும். கேஸ் இல்லாத வீட்டில் நான் என்ன சாப்பிடுவேன் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவருவார். கோர்ட் வேலை முடிந்ததும் கொடுப்பார். நான் கோர்ட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொடுப்பேன். மூன்று வாய்தா தள்ளிப்போன போதும் சாப்பிட்டேன்.

அரசு வக்கீல் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கன்னடம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது எல்லாம் கேள்வி அல்ல, அவர்கள் பக்கத்துக் கதையை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, இதுதானே நடந்தது என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. சுள்ளு. பொய். அதற்கு மேல் ஒரு எழுத்து கூடாது. வீட்டில் மனைவி எது சொன்னாலும் சரி என்கிறோமே, அந்த மாதிரி இங்கே சுள்ளு என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு கட்டைப் பிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் கேட்டவற்றுக்கு ஒப்பித்தேன். என் பெயர், வேலை, இறந்தவர் என் மனைவி, தகவல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனேன், புகார் கொடுத்தேன், இது என் கையெழுத்து. தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு ஜலதோஷம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். இரண்டாம் வரிசைப் பெஞ்சில் ஸத்யபாமா முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரிக் கூண்டில் வேலாயுதம் சட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றார்.

வைஷாலி எழுந்து கவுனைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். தாளில் எழுதிவைத்திருந்ததைக் கன்னடத்தில் படித்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. அவளும் இந்தப் பதில்களை எதிர்பார்த்தவள்தான்.

விபத்தை நான் நேரில் பார்க்கவில்லை என்றாள். பார்க்கவில்லை என்றேன். நஷ்ட ஈட்டுக்காகப் பொய்ப் புகார் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

"சுள்ளு."

என் மனைவி வேகமாக ஓட்டினாள்.

"சுள்ளு."

அது பொய்தான். நாற்பதைத் தாண்டமாட்டாள்.

ஹெல்மெட் பன்னிரண்டு அடி தள்ளிக் கிடந்தது, ஆகவே அவள் ஸ்ட்ராப் போடவில்லை.

"சுள்ளு."

பெஞ்சில் ஸத்யபாமாவின் தலை அசைந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பெரிய ஆதங்கம். என் பெண் ஸ்ட்ராப் போடாமல் கிளம்பமாட்டாள் என்று போலீஸ் ஸ்டேஷனிலேயே சண்டை போட்டவர்.

அவள் போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

"சுள்ளு" என்றேன். அதுவும் வந்துவிட்டது. தட்டச்சுப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

எதிரி இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவள் கவனிக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். சுள்ளு வரவில்லை. ஒரே வார்த்தைதான், அதுவரை நான்கு முறை சொன்னதுதான். நீளமாக ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் ஒன்று. பதினைந்து மாதமாக அது என் காதில் இருந்தது. யாரும் அதைப் பற்றி என்னை நேராகக் கேட்டதில்லை.

"நிஜ" என்றேன். உண்மை.

வைஷாலி அடுத்த வாக்கியத்தைப் பாதி படித்துவிட்டாள். நிறுத்தினாள். தட்டச்சுச் சத்தமும் நின்றது. மாஜிஸ்டிரேட் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கேள்வி புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன். நீர் அங்கே இல்லை, உமக்கு எப்படித் தெரியும் என்றார்.

"முன்னால் சொன்ன ஒரு பதிலை மாற்றவேண்டும்" என்றேன். "அவள் போனில் இருந்தாள். பேசிக்கொண்டிருந்தது என்னிடம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான். கேஸ் சிலிண்டர், நான்கு எண்கள், நிறுத்திப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னது, அப்படியே பார் என்று நான் சொன்னது, நாலு, ஏழு, ஹாரன், இன்னொரு ஹாரன், கேன்கள். கேமரா நோட்டீஸ் ஒன்று இருப்பதையும் சொன்னேன். அரசு வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் போனார். மாஜிஸ்டிரேட் கையால் உட்காரச் சொன்னார். சாட்சி தானாக முன்வந்து கூறுகிறார் என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தட்டச்சுப் பெண்ணுக்குச் சொன்னார். என் வாழ்க்கை அவர் வாயில் அரசாங்கக் கன்னடமாக வெளியே வந்தது. கேட்க யாருடையதோ மாதிரி இருந்தது.

அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டுக்கொண்டார். போலீஸில் இல்லை என்று சொன்னீர்களே, எது பொய் என்று கேட்டார். அது பொய் என்றேன். ஏன் சொன்னீர்கள் என்றார். பக்கத்தில் அவள் அம்மா இருந்தார் என்றேன். அதையும் தட்டச்சு செய்தார்கள். நோட்டீஸின் நகலை அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யச் சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

இதனால் வேலாயுதம் விடுதலையாவாரா என்று எனக்குத் தெரியாது. அவரும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்திருக்கிறார் என்று குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அது கோர்ட் பார்த்துக்கொள்ளும். வராந்தாவில் அவர் எனக்காகக் காத்திருந்தார். வைஷாலி பக்கத்திலேயே நின்றாள், தடுக்கவில்லை. அவர் நன்றி ஏதும் சொல்லவில்லை.

"கேட்டுச்சுங்களா சாமி?" என்றார்.

"கேட்டுது."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். பதினைந்து மாதத்தில் தனக்கே சந்தேகம் வந்துவிட்டதாக வைஷாலியிடம் சொன்னார். அடித்தோமா, அடித்ததாக நினைத்துக்கொண்டோமா என்று.

ஸத்யபாமா வராந்தாவின் மறுகோடியில் பெஞ்சில் இருந்தார். பை மடியில். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த மாதிரியே. அந்த நோட்டீஸ் படத்தைக் கேட்டார். போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். எப்படிப் பெரிதாக்குவது என்று அவருக்குத் தெரியும், அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள். இரண்டு விரலால் விரித்து முகத்தைப் பார்த்தார். கீழே நகர்த்தினார். தாடைக்குக் கீழே நிறுத்தினார்.

"ஸ்ட்ராப் போட்டுண்டிருக்கா" என்றார்.

"ஆமா."

"நான் சொன்னேனே."

"ஆமா மாமி."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை எனக்கு அனுப்பாதீங்கோ."

சரி என்றேன். அப்புறம் அதையும் சொன்னேன். ஹெல்மெட் ஒரு அளவு பெரிது, போன் நுழைவதற்காக நான்தான் வாங்கிக் கொடுத்தேன், ஸ்ட்ராப் போட்டிருந்தும் கழன்றது அதனால்தான் என்று. யாரும் கேட்காததைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ ஒரு போன் நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்லை."

தலையை ஆட்டினார். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். டப்பா பைக்குள்ளேயே இருந்தது. கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரா, மறந்துவிட்டாரா, தெரியவில்லை. நான் பெஞ்சிலேயே இருந்தேன். கோர்ட் வாசலில் அவர் சாலையைக் கடக்கப்போனபோது ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். அது போன பிறகு கடந்தார்.